குறிகட்டுவான் துறையில் ஓர் இலக்கணப் பாடம்

ஆங்கிலங் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டு முப்பத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தவன் யான். அக்காலத்தில் யான் செய்த பிழையொன்றை முதலில் ஒப்புக்கொண்டு, அதனின்றும் கற்ற பாடத்தை இம்மலர் வாயிலாக மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பிழை இது. “என் நாடு” என்னுந் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டுரையை யானே எழுதி, அதனை ஆண்டுதோறும் மாணாக்கருக்கு மனனஞ் செய்வித்து வந்தேன். இலங்கை இந்து சமுத்திரத்தின் முத்து என்று அது தொடங்கும். தேயிலை, இறப்பர், தெங்கு, சிவனொளிபாதமலை, கண்டிப் பெரஹரா என்று வரிசையாக நடந்து, விருந்தோம்பலில் வந்து முடியும். அதில் இலக்கண வழு ஒன்றேனும் இல்லை. ஆயினும் அதனை ஒப்புவித்த பிள்ளைகளிற் பெரும்பாலார் தேயிலைச் செடியைக் கண்ணாற் கண்டவரல்லர். அவர் கண்டவை பனையும் பூவரசும் கிடுகுவேலியும் கடலுமே. அவற்றுள் எதற்கும் அக்கட்டுரையில் இடமிருக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைக் கொடுப்பதாக எண்ணி, அவர்கள் கண்ணை யான் மறைத்துவிட்டேன்.

சென்ற ஆண்டு, புங்குடுதீவைப் பூர்வீகமாகவுடைய இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். மேற்படிப்பின் பொருட்டுக் கடல்கடந்து செல்லும் நோக்கமுடையவர். அதற்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டியிருந்தது. எழுத்திலும் வாசிப்பிலும் அவருக்குக் குறையில்லை. பேச்சுப் பரீட்சைக்கே அஞ்சினார். “உமது நாட்டைப் பற்றிச் சொல்லும், தம்பி” என்றேன். உடனே, “இலங்கை இந்து சமுத்திரத்தின் முத்து” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார்! அவருடைய தந்தையார் என்னிடம் படித்தவர் என்பது பின்னரே தெரியவந்தது.

பரீட்சையின் அமைப்பு

அப்பேச்சுப் பரீட்சையின் அமைப்பை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவாம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சை இப்பெயருடன் 1989 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் என்னும் மூன்று நிறுவனங்கள் அதனைக் கூட்டாக உடைமை கொண்டுள்ளன. பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நிகழும். அது மூன்று கூறுகளையுடையது. முதற் கூறில், ஊர், வீடு, படிப்பு, தொழில் முதலியன பற்றிச் சிறு வினாக்கள் 4 அல்லது 5 நிமிடம் கேட்கப்படும். இரண்டாங் கூறில் ஒரு சீட்டுக் கொடுக்கப்படும். அதிலுள்ள பொருளைப் பற்றி 1 நிமிடம் சிந்தித்து, 1 அல்லது 2 நிமிடம் இடையறாது பேசுதல் வேண்டும். மூன்றாங் கூறு அப்பொருளையொட்டிய பொது விசாரணை. அதுவும் 4 அல்லது 5 நிமிடமே.

மதிப்பிடும் அளவுகோல்கள் நான்கு: தங்குதடையின்றித் தொடர்புபடப் பேசுதல், சொல்வளம், இலக்கணத்தின் பரப்புந் திருத்தமும், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு உண்டு. பேசுவோனுடைய கருத்துச் சரியோ பிழையோ என்பதற்கு மதிப்பெண் இல்லை. மனனஞ் செய்தனபோலத் தோன்றுந் தொடர்களையே நம்பியிருத்தல், கீழ்ப்படிகளுக்குரிய அடையாளங்களுள் ஒன்றாக வெளியிடப்பட்டுள்ளது. எனவே, யான் இத்தனை ஆண்டுகளும் ஊட்டிய கட்டுரை, பிள்ளைகளை உயர்த்துவதற்குப் பதிலாகத் தாழ்த்தவே வல்லது.

இதனை உணர்ந்தபின், பாடத்தை வீட்டில் நடத்துவதில் எனக்கு விருப்பமில்லாது போயிற்று. “வருகிற சனிக்கிழமை குறிகட்டுவானுக்குப் போவோம்” என்றேன். அவர் வியந்து, “அது ஊரல்லவா, சேர்? பரீட்சையில் நாட்டையல்லவோ கேட்பார்கள்?” என்றார். “ஊரைச் சொல்லத் தெரியாதவர் நாட்டை எங்ஙனஞ் சொல்வர்? முதலில் வாரும்” என்றேன்.

பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையூடாகச் சென்று, வாணர் தாம்போதியைத் தாண்டிப் பேருந்து புங்குடுதீவை அடைந்தது. தீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையோடு தெரு முடிந்தது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகிலேயே செல்லல் வேண்டும். துறையோரத்தில் நிழல் பார்த்து அமர்ந்து பாடத்தைத் தொடங்கினோம்.

இடம்

முதற் கேள்வி, “எங்கே இருக்கின்றீர்?” என்பது. தமிழில் இதற்கு விடை கூற ஏழாம் வேற்றுமை உருபு ஒன்றே போதும். “துறையில் இருக்கின்றேன், தீவில் இருக்கின்றேன், இலங்கையில் இருக்கின்றேன்.” மூன்றிடத்தும் “இல்” உருபே வந்தது. ஆங்கிலம் அவ்விடத்தில் மூன்று சொற்களை வேண்டும். துறையை ஒரு புள்ளியாகக் கருதி “அற்” என்றும், தீவை நீரின்மேற் கிடக்கும் பரப்பாகக் கருதி “ஒன்” என்றும், நாட்டை எல்லையுடைய அகமாகக் கருதி “இன்” என்றும் சொல்லும். கரைக்குச் சற்று அப்பாலுள்ளதற்கு “ஒவ்” என்னுஞ் சொல் உண்டு. நயினாதீவு புங்குடுதீவுக் கரைக்கு “ஒவ்” ஆக இருக்கின்றது. இதனை விதியாக மனனஞ் செய்வதினும், பொருளை நோக்கித் தெளிதல் நன்று. புள்ளியா, பரப்பா, அகமா என்று கேட்டாற் பெரும்பாலும் விடை தானே வரும்.

அடுத்தது சுட்டு. தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் “ஏ”, “தி” என்னும் இரண்டையும் விட்டுவிடுதல் வழக்கம். தமிழில் இவை இல்லையென்பர். முற்றும் இல்லையென்று யான் கூறேன். பாட்டிமார் கதை சொல்லும்போது, “ஓர் ஊரிலே ஓர் அரசன் இருந்தான்; அந்த அரசனுக்கு ஒரு மகள்” என்பார்கள் அல்லவா? முன்னறியாத பொருளுக்கு “ஒரு”, முன்னறிந்த பொருளுக்கு “அந்த”. ஆங்கிலத்தின் “ஏ”, “தி” என்பனவும் பெரும்பாலும் அவ்வாறே தொழிற்படும். வேற்றுமை யாதெனின், தமிழில் அவற்றை விட்டாலும் வாக்கியம் நிற்கும், ஆங்கிலத்தில் நில்லாது. நாட்டுப் பெயர்களிலும் இதனைக் கவனிக்க. இலங்கை, இந்தியா, கனடா என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களுக்கு முன் “தி” வாராது. இந்து சமுத்திரம், பாக்கு நீரிணை, மாலைதீவு, நெதர்லாந்து என்பவற்றிற்கு முன் வரும்.

எண்ணிலும் ஒரு வழு நேர்வதுண்டு. துறையில் நின்றவற்றை எண்ணி, “பத்துப் படகு” என்றார் இளைஞர். தமிழில் அஃது இழுக்கன்று. எண்ணே பன்மையைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் எண் காட்டியபின்னும் பெயர் பன்மை விகுதி பெறுதல் வேண்டும். நம்மவர் விரைந்து பேசும்போது முதலில் நழுவுவது இவ்விகுதியே.

சொற்கிடக்கை

“நெடுந்தீவுக்குப் போகின்ற படகு” என்பது தமிழ். பெயரெச்சம் முன்னும் பெயர் பின்னுமாக வரும். எத்தனை அடைகளை அடுக்கினாலும் பெயர் கடைசியிலேதான் தோன்றும். கேட்போன் அதுவரை காத்திருப்பான். ஆங்கிலத்தில் இம்முறை தலைகீழாகும். “படகு” முதலிலே வந்து, பின்னர் “விச்” என்னும் இணைப்புச் சொல்லால் “நெடுந்தீவுக்குப் போகின்றது” என்பது தொடரும். ஆட்களுக்கு “ஹூ”, இடத்துக்கு “வெயர்” வரும்.

நம் மாணவர் பேச்சில் தடுமாறுதற்கு இஃதொரு பெருங் காரணமென்பது எனது அநுபவம். மனம் தமிழ் முறையில் அடைகளைத் திரட்டிக்கொண்டு நிற்க, வாய் பெயரைத் தேடி அலைகின்றது. ஆதலின், “முதலிற் பெயரைச் சொல்லி மூச்சு விடும், அதன்பின் அதைப் பற்றி ஒன்று சேரும்” என்றேன். சிறிது முயன்றபின் அவர் ஆங்கிலத்திற் கூறியதன் பொருள் இது: “குறிகட்டுவான் ஒரு துறை, அங்கே தெரு முடிகின்றது, கடற்பயணந் தொடங்குகின்றது.” இரண்டு சிறு வாக்கியங்களை “வெயர்” ஒன்றாக்கிவிட்டது. இதற்குள் மனனஞ் செய்த முத்து வந்து புகவில்லை.

கருத்தா

இனி, செய்வினையுஞ் செயப்பாட்டுவினையும். நாட்டை வருணிப்போர்க்குச் செயப்பாட்டுவினை மிகவும் பயன்படும். “கடலாற் சூழப்பட்டது”, “தாம்போதியால் இணைக்கப்பட்டது” என்பன ஆங்கிலத்தில் இயல்பான வழக்குகள். ஆயின், செயப்பாட்டுவினையில் ஒரு தன்மை உண்டு. அது செய்தவனை விட்டுவிடவும் இடந்தரும். எப்பொழுது விடலாம், எப்பொழுது விடலாகாது என்பதை மூன்று உதாரணங்களால் விளக்கினேன்.

முதலாவது, தீவுகளின் பெயர்கள். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தத்தம் ஊர்ப் பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டனர். வேலணைத்தீவு லெய்டன் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், காரைதீவு ஆம்ஸ்ரர்டாம் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், அனலைதீவு றொட்டர்டாம் எனவும், நெடுந்தீவு டெல்வ்ற் எனவும் அழைக்கப்பட்டன. அவற்றுள் டெல்வ்ற் என்பதே ஆங்கில வழக்கில் நிலைத்தது. ஏனையவற்றை இங்குள்ளார் நாவிற் கொள்ளவில்லை. இங்கே “அழைக்கப்பட்டன” என்று நிறுத்தினால், பெயர் தானே முளைத்ததுபோலத் தோன்றும். “பை” என்னுஞ் சொல்லைச் சேர்த்து “ஒல்லாந்தரால்” என்று கூறினாலே வரலாறு விளங்கும்.

இரண்டாவது, எதிரே தோன்றும் நயினாதீவு. தமிழர்க்கு அது நாகபூஷணி அம்மன் கோயில் கொண்ட தலம். சிங்களத்தில் நாகதீபம் என வழங்கும் அத்தீவில் நாக விகாரையும் உண்டு. நாகதீபத்தில் மணியாசனமொன்றின் பொருட்டுப் போரிட நின்ற நாக அரசர் இருவரைப் புத்தர் வந்து சமாதானப்படுத்தினார் என்பது மகாவம்சக் கதை. மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் இதுவேயெனக் கொள்வாரும் உளர். “இத்தீவு சிங்களத்தில் நாகதீபம் என்று வழங்கப்படுகின்றது” என்னும்போது, யாரால் என்று சொல்லத் தேவையில்லை. அம்மொழி பேசுவோர் யாவரும் அவ்வாறே வழங்குகின்றனர். செய்வோர் எல்லோருமாயின் கருத்தாவை விடுதல் முறையே.

மூன்றாவதைச் சொல்லும்முன் யான் சற்றுத் தயங்கினேன். அவரே அதனைத் தொட்டார். துறைக்கு வந்துகொண்டிருந்த நெடுந்தீவுப் படகைச் சுட்டி, “1985 இல் இந்தக் கடலிற் பலர் இறந்தனர்” என்று ஆங்கிலத்திற் கூறினார். 1985 மே 15 ஆந் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கி வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களுங் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டியுங் குத்தியுங் கொல்லப்பட்ட செய்தியையே அவர் குறித்தார். நெடுந்தீவில் ஆண்டுதோறும் அந்நாள் நினைவுகூரப்படுகின்றது.

“தம்பி, நீர் ‘டைட்’ என்றீர். புயலில் அகப்பட்டோரும் இறப்பர், முதுமையாலும் இறப்பர். அச்சொல்லில் உமது செய்தி இருக்கின்றதா?” என்று கேட்டேன். அவர் சிந்தித்து, “வேர் கில்ட்” என்று திருத்தினார். இப்பொழுது, நேர்ந்தது இயல்பான மரணமன்று என்பது புலனாயிற்று. கொன்றோர் மட்டும் வாக்கியத்துக்கு வெளியே நின்றனர். மூன்றாவது வாக்கியத்தில், “கொன்றவர்கள் கடற்படையினரே என்று உயிர்தப்பியோர் சாட்சி கூறினர்” என்றார். அது செய்வினை, எழுவாய் உயிர்தப்பியோர். தாம் நேரிற் காணாததைத் தாமே கண்டதுபோல அவர் கூறவில்லை. கண்டோர் கூற்றாகவே கூறினார். அதுவும் இலக்கணமே.

“இறந்தனர், கொல்லப்பட்டனர், இன்னார் கொன்றனர் என உயிர்தப்பியோர் சாட்சி கூறினர். மூன்று வாக்கியத்திலும் வழுவில்லை. ஆயின் மூன்றும் ஒன்றல்ல” என்றேன். பரீட்சை மண்டபத்தில் இதைச் சொல்லத்தான் வேண்டுமோ என்று அவர் கேட்டார். “வேண்டுமென்று எவரும் உம்மைக் கட்டாயப்படுத்தார். சொல்லாது விடுதற்கும் உமக்கு உரிமையுண்டு. சொல்வதாயின், சொல்ல எண்ணியதையே சொல்லும். அரைகுறை இலக்கணத்தால் உமது நாட்டைப் பற்றி நீரே பொய் சொல்லிவிடலாகாது” என்றேன்.

காலம்

மதியத்துக்குப் பின் அவரது பாட்டனாரின் வீட்டைப் பார்க்கச் சென்றோம். 1990களின் தொடக்கத்தில் போரினால் தீவுப்பகுதி மக்களிற் பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். பலர் பின்னர் கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து முதலிய தேசங்களிற் குடியேறினர். அவ்வீடும் அன்று பூட்டப்பட்டதே. முற்றத்தில் எருக்கலை வளர்ந்திருந்தது. கிணற்றடியில் துலாக் கப்பு மட்டும் நின்றது.

“முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வீடு பூட்டிக் கிடக்கின்றது” என்பது தமிழ். “கிடக்கின்றது” நிகழ்காலம். அதனை அப்படியே ஆங்கிலமாக்கி “இஸ்” என்றார் இளைஞர். இது தமிழ்ப் பிள்ளைகள் யாவரும் விடும் வழு. இறந்தகாலத்தில் தொடங்கி இன்றும் நீங்காது நிற்கும் நிலைக்கு ஆங்கிலம் “ஹாஸ் பீன்” என்பதை வேண்டும். தொடங்கிய ஆண்டைச் சொன்னால் “சின்ஸ்”. சென்ற காலத்தின் அளவைச் சொன்னால் “ஃபோர்”. “1991 தொடக்கம்” என்பது முன்னது. “முப்பது ஆண்டுகளாக” என்பது பின்னது.

இதனோடொத்த இன்னுமொரு வேற்றுமை மிக நுண்ணியது. “போயினர்” என்பதற்கு “லெஃப்ற்” என்றுஞ் சொல்லலாம். “ஹாவ் லெஃப்ற்” என்றுஞ் சொல்லலாம். முன்னது முடிந்த செய்தி. “1991 இல்” என்று ஆண்டு குறித்தால் அதுவே வருதல் வேண்டும். பின்னது ஆண்டைக் குறியாது. அச்செயலின் பயன் இன்றும் நிற்பதைக் காட்டும். தமிழில் “போய்விட்டனர்” என்பதற்கும் “போயிருக்கின்றனர்” என்பதற்கும் உள்ள வேற்றுமையை நினைந்தால் ஓரளவு விளங்கும். “உம்முடைய குடும்பத்துக்கு எது பொருந்தும்?” என்று கேட்டேன். “அப்பாவுக்கு முன்னது, அப்பம்மாவுக்குப் பின்னது, சேர்” என்றார். அப்பம்மா இன்றும் அவ்வீட்டுத் திறப்பைத் தம் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கின்றாராம்.

பழைய வழக்கத்தைக் கூறும்போதும் தமிழர்க்கு ஓர் இடறல் உண்டு. “பாட்டனார் தென்னிலங்கையிற் கடை வைத்திருந்தார், திருவிழாவுக்கு ஊருக்கு வருவார்” என்கின்றோம். “வருவார்” எதிர்கால வாய்பாடு. பொருளோ சென்றகால வழக்கம். புங்குடுதீவார் பலர் கொழும்பிலும் பிற தென்பகுதி நகரங்களிலும் வணிகஞ் செய்து, திருவிழாக் காலத்தில் ஊர் மீண்டது யாவரும் அறிந்ததே. இவ்விடத்து ஆங்கிலத்தில் “வில்” என்றாற் பாட்டனார் இனிமேற்றான் வருவார்! “யூஸ்ட் ரு” அல்லது “வுட்” என்று கூறுக.

நாமும் நாங்களும்

மாலையில் மீண்டுந் துறைக்கு வந்தோம். வெள்ளையுடுத்த தென்னிலங்கை யாத்திரிகர் சிலர் நாகதீபத்துக்குப் படகேறிக் கொண்டிருந்தனர். அம்மன் கோயிலுக்குச் செல்லும் நம்மவர் குடும்பமொன்றும் அதே வரிசையில் நின்றது. முதிய சிங்கள மாது ஒருவர் படகின் விளிம்பிற் கால் வைக்க அஞ்சி நிற்க, இளைஞர் எழுந்து சென்று கைகொடுத்து ஏற்றிவிட்டார். அவ்வம்மையார் கைகூப்பி, “ஸ்தூதி, புதா” என்றார்.

அவர் வந்தமர்ந்ததும், அன்றைய இறுதிப் பாடத்தைத் தொடங்கினேன். தமிழிலே தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. “நாம்” என்பது கேட்போனையும் உளப்படுத்தும். “நாங்கள்” என்பது கேட்போனை விலக்கி நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் “வி” என்னும் ஒரே சொல்தான். ஆதலின், நாட்டைப் பற்றிப் பேசும்போது “வி” என்று தொடங்கினால், உள்ளே இருப்பவர் யார், வெளியே இருப்பவர் யார் என்பது பரீட்சகருக்குப் புலனாகாது. தமிழ் ஓரளவு சொல்லிலேயே செய்ததை ஆங்கிலத்தில் நாம் விளக்கிச் சொல்லல் வேண்டும். “தீவுப்பகுதி மக்களாகிய நாங்கள்”, “தமிழராகிய நாங்கள்”, “இலங்கையராகிய நாங்கள்” என்று ஒரு பெயரை அருகே வைத்தால் மயக்கம் நீங்கும்.

“நீர் ‘வி’ என்று சொல்லும்போது, சற்றுமுன் படகேறிய அம்மையார் அதற்குள் இருக்கின்றாரா?” என்று வினவினேன். அவர் நெடுநேரம் விடை கூறவில்லை. படகு துறையை விட்டு நீங்கியபின், “சில வாக்கியங்களில் உள்ளே, சேர். சில வாக்கியங்களில் வெளியே” என்றார். யான் முப்பத்திரண்டு ஆண்டுகளாக மனனஞ் செய்வித்த கட்டுரையில் இவ்வொரு விடைக்கு நிகரான உண்மை ஒரு வரியிலும் இருந்ததில்லை.

பேருந்துக்குச் சிறிது நேரம் இருந்தது. எதிர்காலத்தைப் பற்றியும் ஒன்று கேட்டேன்: “படிப்பு முடிந்தபின் இங்கே வருவீரா?” விடைக்கு மூன்று சொற்களைக் காட்டினேன். துணிந்து கூறின் “வில்”, வரக்கூடுமாயின் “மே”, அதினும் ஐயமாயின் “மைற்”. அவர் கடலைப் பார்த்தபடி இருந்தார். “பரீட்சையில் இவ்வளவு நேரம் மௌனமாயிருந்தால் முதலாம் அளவுகோலிற் குறைத்துவிடுவார்கள், இங்கே பரவாயில்லை” என்றேன். சிரித்துவிட்டு, “மே” என்றார்.

அவர் பரீட்சை எழுதித் தேறி, இப்பொழுது கடலுக்கப்பாற் கற்கின்றார். நம் இளைஞர் பலர் நாட்டை நன்றாக வருணித்தலாலேயே நாட்டை விட்டுச் செல்லும் அநுமதியைப் பெறுகின்றனர் என்பது துன்பந்தரும் முரணே. அதனை மாற்றுதல் ஓர் ஆசிரியனால் ஆவதன்று. செல்வோர் தம் ஊரைப் பற்றிய மெய்யான வாக்கியங்கள் சிலவற்றையேனும் உடன் கொண்டுசெல்லுமாறு செய்தல் அவனால் ஆகும்.

இத்தீவுகளுக்கு அதில் ஒரு முன்மாதிரியும் உண்டு. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913 இற் பிறந்த தனிநாயகம் அடிகளார், 1952 முதல் தமிழ்க் கல்ச்சர் என்னும் ஆங்கில ஏட்டை நடத்தித் தமிழரல்லாதார்க்குத் தமிழை உணர்த்தினார். 1966 இற் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடுதற்கும் அவரே முன்னின்றார். தம்மைப் பிறர்க்கு விளக்குதற்குப் பிறர் மொழியைத் திருத்தமாகக் கற்றவர் அவர். கற்றதனால் தம் மொழியை இழந்தவருமல்லர்.

அப்பியாசம்

மாணவர்கள் பின்வருவனவற்றை எழுதாமல், வாய்விட்டுச் சொல்லிப் பழகுக. ஒவ்வொன்றிற்கும் 1 நிமிடஞ் சிந்தித்து, 2 நிமிடம் பேசுக.

1. உமது வீட்டு வாயிலில் நின்று காணும் பொருள்களைக் கூறுக. “அற்”, “ஒன்”, “இன்” மூன்றும் வருதல் வேண்டும்.

2. உமது ஊரிலுள்ள கட்டடமொன்றைப் பற்றிச் செயப்பாட்டுவினையிற் கூறுக. கட்டியவர் யாரென அறிந்தால் “பை” சேர்த்துக் கூறுக. அறியாவிடின் அறிந்தாரை வினாவுக.

3. உமது பாட்டியார் செய்துவந்து இப்பொழுது செய்யாத ஒன்றை “யூஸ்ட் ரு” அமையக் கூறுக. பாட்டியாரிடமே கேட்டுவந்து கூறுதல் நன்று.

4. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. அதன்பின் உமது ஊரில் மாறியது யாது, மாறாதது யாது? “ஹாஸ்”, “ஹாவ்”, “சின்ஸ்” அமையக் கூறுக.

5. “வி” என்னுஞ் சொல்லை மூன்று வாக்கியங்களில் வைத்து, ஒவ்வொன்றினுள்ளும் யார் யார் அடங்குவர் என விளக்குக.

வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில், “நீங்கள் எந்த நாடு?” என்று கேட்கும் நாள் வரும். அப்பொழுது முத்தைப் பற்றிய கட்டுரையைத் தயவுசெய்து அவர்களுக்கு ஒப்புவியாதீர்கள். அதனை உங்களுக்கு மனனஞ் செய்வித்தவன் யானாயின், இதனை எனது மன்னிப்பாகக் கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக ஐந்தாம் அப்பியாசத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள்.